எந்தப் பண்ணைக் கறி?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் பன்றிக்கறி சமைத்து விற்கும் கடைக்கார அண்ணன்மார்களே, அக்காமார்களே,

தலைப்பைப் பார்த்ததும், ‘பன்றிக்கறி சாப்பிடாதே என்று சொல்ல இன்னொருத்தன் கிளம்பிவிட்டான்’ என்று நினைத்திருப்பீர்கள். நான் அந்த ஆள் இல்லை. மல்லியும் சீரகமும் வறுத்துப் போட்டு, கறுப்பு கிச்சாப் ஊற்றி, கொழுப்பு பிரிந்து கறி தானே சுண்டும்வரை அடுப்பை விட்டு நகராமல் நீங்கள் கிளறும் வறுவலுக்காகவே கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை வண்டி ஓட்டிப் போகிறவர்களில் நானும் ஒருவன். சட்டியின் அடியில் ஒட்டியதில் கொஞ்சம் சோற்றைப் பிரட்டித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன். உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் வந்திருக்கிறேன். இன்று விடியற்காலை உங்கள் கடைப் பின்வாசலில் வந்து இறங்கிய கறி எந்தப் பண்ணையில் வளர்ந்தது?

மட்டனைக் கேட்டால் ‘ஆஸ்திரேலியா’ என்று யோசிக்காமல் சொல்வீர்கள். நண்டு வந்தால் கெத்தாம் தீவு என்றும் மீன் வந்தால் சிகிஞ்சான் என்றும் வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். பன்றிக்கறி மட்டும் ஊர் பேர் இல்லாமல் வருகிறது. ‘லோரிக்காரன் போட்டுவிட்டுப் போகிறான், பணம் கட்டுகிறோம், அவ்வளவுதான்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். நீங்கள் கேட்பதில்லை, உங்களிடமும் யாரும் கேட்பதில்லை. இந்த நாட்டில் பன்றியைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதே நாகரிகம் என்று நாம் எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது, எனக்கும் தெரியும். பக்கத்து மேசையில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பேசிப் பழகியவர்கள் நாம். பலகையில்கூடப் பன்றி என்று எழுதாமல் ஹலால் அல்லாத உணவகம் என்று மட்டும் போட்டுக்கொள்ளும் கடைகள் உண்டு. அக்கம்பக்கத்தார் மனம் நோகக்கூடாது என்கிற அந்தப் பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பன்றிப் பண்ணையின் கழிவைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பன்றியைப் பற்றிய பேச்சு மட்டும் நடக்கிறது. நாற்றம், ஈ, ஆற்றில் கலக்கும் கறுப்பு நீர் என்று ஒரு ஊர் முறையிட ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்தில் அது மதமாகிவிடுகிறது, மூன்றாவதில் இனமாகிவிடுகிறது. 2007-இல் மலாக்கா பாயா மெங்குவாங்கில் என்ன நடந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மாசு, துர்நாற்றம் என்று தொடங்கிய விவகாரம், பண்ணைக்காரர்கள் வழி மறித்து நிற்க, எதிரே கலகத் தடுப்புப் போலீசார் குவிந்து நிற்பதில் போய் முடிந்தது. கழிவு நீரை எப்படிச் சுத்திகரிப்பது என்று அங்கே யார் உட்கார்ந்து பேசியிருக்க முடியும்?

நம் சிலாங்கூரிலும் அதே கதைதான். கோல லங்காட் மாவட்டத்தில் தஞ்சோங் செப்பாட் வட்டாரத்துப் பண்ணைகளை அங்கிருந்து எடுத்து, உலு சிலாங்கூர் புக்கிட் தாகாரில் நவீன முறையில் ஓரிடமாகக் கூட்டி அமைக்கலாம் என்று அண்மையில் ஒரு திட்டம் பேசப்பட்டது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. எங்கே வைப்பது, யார் ஊருக்குப் பக்கத்தில் வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்றே பேச்சு முழுவதும் ஓடியது. தஞ்சோங் செப்பாட்டில் இத்தனை வருடமாக அந்தக் கழிவோடு வாழ்ந்தவர்களின் குரலும் கேட்கவில்லை. அங்கிருந்து வரும் கறியைச் சமைத்துப் பிழைக்கும் உங்கள் குரலும், அதைச் சாப்பிடும் என் குரலும் கேட்கவே இல்லை.

என் வாதமே இதுதான். சாப்பிடாதவர் பண்ணைக் கழிவைப் பற்றிக் குறை சொன்னால், ‘உனக்குப் பன்றியே பிடிக்காது, அதனால்தான்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். சாப்பிடுகிறவன் சொன்னால் அப்படித் தள்ள முடியாது. சமைத்து விற்கிறவர் சொன்னால் இன்னும் தள்ள முடியாது. இதை மதப் பேச்சாக்காமல் தண்ணீர்ப் பேச்சாக, மண் பேச்சாக வைத்துக்கொள்ள இந்த நாட்டில் யாராலாவது முடியும் என்றால் அது பன்றிக்கறி விற்பவராலும் வாங்குபவராலும்தான் முடியும். சீனக் கடைக்காரர்களும் அப்படித்தான். அவர்களுடைய பன்றிக்கறி உணவான பாக் குட் தே 2024 பிப்ரவரியில் தேசிய மரபு உணவுப் பட்டியலில் ஏறியபோது கிள்ளானே தோளை நிமிர்த்திக்கொண்டது. ஆனால் அவர்களுக்கு எழுத அவர்கள் மொழியில் ஆள் இருப்பார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பண்ணையில் என்னதான் நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய முறைப் பண்ணை என்றால் சிமெண்டுத் தரை, தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. வெக்கையில் பன்றிக்கு வியர்க்காது, அதனால் ஒரு நாளைக்குப் பல முறை தண்ணீர் பீச்சிக் குளிப்பாட்டித் தரையைக் கழுவ வேண்டும். சாணம், மூத்திரம், சிந்திய தீவனம், கழுவிய நீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய்க்காலில் ஓடிக் குளத்தில் இறங்கும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று குளங்கள் இருந்து, அவற்றை ஒழுங்காகத் தூர்வாரி வைத்திருந்தால் கழிவு அங்கேயே மட்கி, தண்ணீர் ஓரளவு தெளிந்து வெளியேறும். குளம் தூர்ந்து போனாலோ, பன்றி பெருகிக் குளம் பெருகாமல் போனாலோ, நான்கு நாள் அடைமழை பிடித்தாலோ அத்தனையும் அப்படியே பக்கத்து ஓடைக்குப் போகும். வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு கெட்டியான கழிவு அது. ஆற்றில் இறங்கியதும் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அது தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியை வளர்த்து, மிஞ்சிய ஆற்றையும் கெடுக்கும். சுற்றுச்சூழல் துறை ஆற்று மாசுக்குக் காரணமானவற்றை வரிசைப்படுத்தும்போது கழிவுநீர் ஆலைகளோடும் தொழிற்சாலைகளோடும் பன்றிப் பண்ணைகளையும் தவறாமல் சேர்ப்பது இதனால்தான்.

மழை என்றேன். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையைத் தொட்டதை நாம் யாரும் மறக்கவில்லை, உங்களில் சிலர் அன்று இங்கிருந்து சோற்றுப் பொட்டலம் கட்டி அனுப்பியவர்கள். அப்படி ஒரு மழை கரையோரத் தாழ்நிலத்தில் இருக்கும் கழிவுக் குளங்கள் மேல் பெய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 2018-இல் ஃபிளாரன்ஸ் புயல் வந்தபோது பன்றிக் கழிவுக் குளங்கள் உடைந்தும் நிரம்பி வழிந்தும் ஆறுகளில் கலந்தன. பணக்கார நாடு, பெரிய கம்பெனிப் பண்ணைகள். அங்கேயே அந்தக் கதி.

கழிவைச் சரியாகக் கையாளும் வழி இல்லாமல் இல்லை. மூடிய கொட்டகை, உள்ளே காற்றைக் குளிரவைக்கும் விசிறிகள், கழிவுக் குளத்தின் மேல் தார்ப்பாய் போல இழுத்துக் கட்டிய மூடி. அந்த மூடிக்குள் சேரும் மீத்தேன் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கலாம். கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. திறந்த குளத்தில் விட்டால் வானத்துக்குப் போகிறது, பிடித்தால் விளக்கெரிகிறது. பினாங்கு மாநிலம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பன்றி வளர்ப்பை இந்த மூடிய முறைக்குத் தள்ளத் தொடங்கியது. எல்லாப் பண்ணையும் ஏன் மாறவில்லை என்றால் பணம்தான். சின்னப் பண்ணைக்காரர் பெருந்தொகை போட்டு மாற வேண்டும். மாறிய பண்ணையின் கறியும் மாறாத பண்ணையின் கறியும் சந்தையில் ஒரே விலை, ஒரே லோரி. வாங்குகிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியிருக்க எந்த மடையன் கடன் வாங்கிக் கழிவுக் குளத்துக்கு மூடி போடுவான்? இந்த ‘யாருக்கும் தெரியாது’ என்கிற இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள். கறியை மொத்தமாக வாங்குவது நீங்கள்.

அலட்சியமாகப் பன்றி வளர்த்ததற்கு இந்த நாடு ஏற்கெனவே உயிரைக் கொடுத்திருக்கிறது. 1998-இல் ஈப்போ பக்கத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் உச்சத்தைத் தொட்ட நிப்பா நோயில் 265 பேருக்கு மூளைக் காய்ச்சல் கண்டு, 105 பேர் இறந்தார்கள். சீனப் பண்ணைக்காரர்கள் மட்டுமில்லை, அங்கே கூலிக்குப் போன நம்மவர்களும் அதில் இருந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் புதுக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்த கிருமி அது. பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரங்களை வைத்து வளர்த்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போனது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். சுங்கை நிப்பா என்கிற சின்னக் கம்பத்தின் பெயர் உலகமெங்கும் ஒரு நோயின் பெயராகிவிட்டது. பண்ணையை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பது அந்தப் பண்ணைக்காரரின் சொந்த விஷயம் இல்லை என்று அப்போதே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘சரி, சிலாங்கூரில் பண்ணையே வேண்டாம், எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொண்டுவந்தால் போயிற்று’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களில் சிலரும் ஏற்கெனவே ஐரோப்பிய உறைகறிக்கு மாறிவிட்டீர்கள். இதைச் சிங்கப்பூர் செய்து பார்த்திருக்கிறது. பொங்கோல் பக்கம் இருந்த பன்றிப் பண்ணைகளை மூடுவது என்று 1984-இல் முடிவெடுத்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நிலம் மிஞ்சியது, ஆறும் தப்பியது. ஆனால் சிங்கப்பூரார் பன்றிக்கறியை விட்டுவிடவில்லை. இந்தோனேசியாவின் பூலாவ் பூலானிலிருந்து உயிர்ப்பன்றி கப்பலில் வந்தது. 2023 ஏப்ரலில் அந்தப் பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தெரிய, வரத்து நின்றது, சந்தையில் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். கழிவு இல்லாமல் போகவில்லை, கண்ணுக்கெட்டாத தீவுக்குப் போனது, அவ்வளவுதான். நாளை நம் கறி பேராக்கிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ கடல் கடந்தோ வந்தாலும் நிலைமை அதுதான். அங்கேயும் ஒரு ஓடை இருக்கிறது, அந்த ஓடையோரம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே ‘எந்தப் பண்ணை’ என்கிற கேள்வி சிலாங்கூரில் பண்ணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் சபாவில் முதலில் தெரிந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது, கறி விலை ஏறியதை உங்கள் கல்லாப்பெட்டி உணர்ந்தது. மனிதனை அது தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. உறைய வைத்த கறியிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அது பரவும் முக்கிய வழிகளில் ஒன்று, ஓட்டல் எச்சிலையும் மிச்சக் கறியையும் வாங்கிக்கொண்டு போய்ப் பன்றிக்குப் போடுவது. உங்கள் கடையின் மிச்சத்தை வாளியில் எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தால், எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீணாகாமல் ஒரு உயிருக்குப் போகிறதே என்று நல்ல எண்ணத்தில் கொடுப்பதுதான் பல பண்ணைகளை அழித்திருக்கிறது.

இனி வெப்பமயமாதல் கணக்கு. இதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் இதில் பன்றியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 2018-இல் வெளிவந்த பூர், நெமெசெக் ஆகியோரின் ஆய்வுப்படி உலகச் சராசரியில் ஒரு கிலோ பன்றிக்கறிக்குச் சுமார் 12 கிலோ கரியமில வாயு அளவு புகை வானில் சேர்கிறது. 200 கிராம் கறி வைத்தால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்த கணக்கு. கோழி இதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆட்டுக்கறியோ கிலோவுக்குச் சுமார் 40 கிலோ, அதாவது ஒரு தட்டுக்கு மூன்றரை லிட்டர் பெட்ரோல். ஆகவே ‘பன்றியை விட்டுவிட்டேன், இனிமேல் மட்டன்தான்’ என்று யாராவது சூழலுக்காகத் தியாகம் செய்ததாகச் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்புங்கள். மாட்டுக்கறி இன்னும் மோசம், அது நம்மில் பலர் பேச்சிலேயே இல்லை. பன்றியின் கணக்கில் பாதிக்கு மேல் தீவனத்தில் இருக்கிறது. நம் நாட்டுப் பன்றி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் பிரேசில், அர்ஜெண்டினா என்று எங்கிருந்தோ கப்பலேறி வருகின்றன. உயிர் எடை ஒரு கிலோ ஏறச் சுமார் மூன்று கிலோ தீவனம் வேண்டும். அதனால் வீணாகும் ஒவ்வொரு துண்டும் அங்கே வெட்டிய காட்டையும் சேர்த்துத்தான் வீணாக்குகிறது.

வீண் என்றதும் தோட்டக் காலம் நினைவுக்கு வருகிறது. லயத்தில் பன்றி அடித்தால் கூறு போடுவார்கள். தலை, ஈரல், குடல், ரத்தம், எலும்பு என்று ஒன்றும் மிஞ்சாது. முனியாண்டிக்குப் படைத்ததும் சரி, தீபாவளிக்கு அடித்ததும் சரி, ஒரு பன்றி முப்பது நாற்பது வீட்டு அடுப்பில் ஏறும். இன்று உங்கள் சமையல் பட்டியலைப் பார்க்கிறேன். வயிற்றுக் கறி வறுவல், வயிற்றுக் கறிப் பிரட்டல், விலா எலும்பு. கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காய் இருக்கும் அந்த வயிற்றுப் பகுதியைத்தான் எல்லாக் கடையும் துரத்துகிறது, அதன் விலையும் எகிறுகிறது. ஒரு பன்றியில் வயிறு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ஈரல் மிளகுப் பிரட்டலையும் குடல் குழம்பையும் எலும்பு ரசத்தையும் மறுபடி கொண்டுவாருங்கள். உங்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் கைவந்த சமையல்தானே? இளைஞர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். நீங்கள் சமைத்துத் தந்தால் எதையும் படமெடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடும் தலைமுறை அது.

காட்டுப் பன்றியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘பண்ணையே வேண்டாம், தீவனமும் வேண்டாம், கழிவும் இல்லை, இதைவிடச் சுத்தமான கறி எது’ என்று ஒரு கடைக்கார அண்ணன் என்னிடம் வாதாடினார். செம்பனைத் தோட்டத்தில் கன்றைத் தோண்டி நாசமாக்கும் பன்றியை உரிமத்தோடு சுட்டுச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காட்டுப் பன்றி வனவிலங்குச் சட்டத்துக்குள் வருவது, உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. அதோடு, மலாயாப் புலியின் சோறு அது. காட்டில் மிஞ்சியுள்ள புலிகள் 150-க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு சொல்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் காட்டுப் பன்றிகளும் செத்துக்கொண்டிருக்கும்போது, உரிமமில்லாத துப்பாக்கிக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பது புலியின் தட்டிலிருந்து எடுப்பதுதான். (பலகையில் காட்டுப் பன்றி என்று போட்டுவிட்டுப் பண்ணைக் கறியில் இன்னும் கொஞ்சம் மிளகைத் தட்டிப் போடும் கடைகளையும் அறிவேன். புலியின் சார்பில் அவர்களுக்கு நன்றி.)

உங்கள் பின்சந்துக்கு வருவோம். பகல் கூட்டம் ஓய்ந்த பிறகு பெரிய சட்டியைப் பின்னால் கொண்டுபோய் வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். கழுவும்போது எண்ணெய் உருகித் தண்ணீராகத்தான் ஓடுகிறது. பத்தடி தாண்டியதும் குளிர்ந்து, கால்வாயின் ஓரத்தில் வெள்ளையாக, மெழுகு வடிந்தது போலப் படிகிறது. மறுநாள் அதன்மேல் இன்னொரு படிவு. ஒரு வாரத்தில் எலி நடந்து போகும் அளவுக்குக் கெட்டியாகிவிடுகிறது. தாவர எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் உறைவதில்லை, பன்றிக் கொழுப்பு உறைகிறது. மழை வந்தால் அது உடைந்து கிள்ளான் ஆற்றுக்குத்தான் போகிறது, பிரிக்பீல்ட்ஸில் இறங்கினாலும் கிள்ளானில் இறங்கினாலும் அதே ஆறு. கொழுப்புப் பொறி வைத்திருக்க வேண்டும் என்பது உள்ளூராட்சி மன்றத்தின் விதி, உங்களில் அநேகமாக எல்லாரிடமும் இருக்கும். அதன் மூடியைக் கடைசியாகத் திறந்தது எப்போது? தினமும் மேலே மிதப்பதை வழித்து எடுத்து, சட்டியைக் கழுவும் முன் ஒரு தாளால் துடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இதற்குப் புதுச் சட்டமோ பெருஞ்செலவோ வேண்டாம். பண்ணைக்காரரிடம் ‘உன் கழிவு எங்கே போகிறது’ என்று கேட்கப் போகிறவர், தன் பின்சந்தைப் பார்த்துவிட்டுக் கேட்டால் குரலில் கொஞ்சம் தெம்பு இருக்கும்.

புரட்டாசி வருகிறது என்றால் உங்களுக்குக் கவலை என்பது எனக்குத் தெரியும். பாதிக் கூட்டம் காணாமல் போகும். உங்களில் கெட்டிக்காரர்கள் அந்த மாதம் சைவத்துக்கு மாறி, பலாக்காய்ப் பிரட்டல், தெம்பே வறுவல், சோயாக் கறி, மொச்சைக் குழம்பு என்று போட்டு ஈடுகட்டிவிடுவார்கள். அதே கிச்சாப், அதே மிளகு, அதே கைப்பக்குவம். தைப்பூச விரதத்திலும் அப்படியே. மாதம் முடிந்த மறுநாள் அதையெல்லாம் ஏன் தூக்கிவிடுகிறீர்கள்? ஆண்டு முழுக்க அவற்றில் இரண்டு மூன்று வகையாவது பட்டியலில் நிற்கட்டும். மூன்று பேர் வந்து மூன்று தட்டுப் பன்றிக்கறி கேட்டால், ‘இரண்டு தட்டு கறி, ஒரு தட்டு பலாக்காய் வையுங்கள், பகிர்ந்து சாப்பிடுங்கள்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் ‘போதும் தம்பி, அப்புறம் வாங்கிக்க’ என்று சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அரசாங்கம் சொன்னால் கேட்க மாட்டோம்.

இப்போது உங்கள் பதில் எனக்குக் கேட்கிறது. ‘வாடகை ஏறிவிட்டது, கறி விலை ஏறிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை, நான் ஒரு சின்னக் கடை, நான் கேட்டால் சப்ளையர் வேறு ஆளுக்குப் போடுகிறேன் என்று போய்விடுவான்.’ ஒருவராகக் கேட்டால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் இதை ஒரு கடைக்கு எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்களில் பலர் ஒரே சப்ளையரிடம்தான் வாங்குகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பத்துக் கடை சேர்ந்து கேட்டால் அவர் போக மாட்டார், பதில் சொல்வார். விலைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒழுங்கான பண்ணைக் கறி கிலோவுக்கு ஒரு வெள்ளி கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். 200 கிராம் வைக்கும் தட்டுக்கு 20 சென். அதை என் தட்டின் விலையில் ஏற்றுங்கள். ஏன் ஏற்றினீர்கள் என்று சுவரில் எழுதி வையுங்கள், நாங்கள் கட்டுகிறோம். தேநீருக்கு 20 சென் ஏற்றியபோது யாரும் கடையை விட்டு ஓடவில்லை.

டென்மார்க்கில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். 2024-இல் அந்த நாடு கால்நடை வெளியிடும் வாயுவுக்கு 2030 முதல் வரி என்று ஒப்புக்கொண்டது. பண்ணைக்காரர்களும் சூழல் அமைப்புகளும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு மேசை போடப்படும் நாள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதுவரை உங்கள் கடை மேசை இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த மாதக் கணக்கைத் தீர்க்கச் சப்ளையர் வரும்போது நான்கு கேள்வி கேளுங்கள். கறி எந்த மாவட்டத்தில், எந்தப் பண்ணையில் வளர்ந்தது? அந்தப் பண்ணைக்கு நல்ல வேளாண் நடைமுறைக்கான மைகேப் (myGAP) சான்றிதழ் இருக்கிறதா? கழிவுக் குளம் திறந்ததா, மூடியதா? வெளியேறும் நீர் எங்கே போகிறது? சான்றிதழ் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு ஆள் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா பக்கத்துக் கடைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே நாளில் கேட்டுவிடலாம், பிரிக்பீல்ட்ஸ் கடைகளும் அப்படியே. கிடைத்த பதிலைக் கல்லாவுக்குப் பின்னால், விலைப் பட்டியலுக்குக் கீழே எழுதி வையுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், ‘கேட்டோம், சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். கேள்வியை நிறுத்த வேண்டாம்.

வாடிக்கையாளர்கள் பங்குக்கு, கடைக்குள் நுழைந்ததும் ‘என்ன கறி இருக்கு’ என்று கேட்பதோடு ‘எந்தப் பண்ணை’ என்றும் கேட்க என் நண்பர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவரிடம் நானும் கேட்பேன். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். சட்டியடிச் சோற்றையும் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்